லைமும் லெமனும்: மேற்கிந்தியத் தீவுகளின் எலுமிச்சை வேளாண்மையும் ஒரு பெயர்க் குழப்பமும்

ஆய்வுச்சுருக்கம்

கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோயை வென்ற பழம் எது என்னும் வினாவுக்குத் தமிழில் 'எலுமிச்சை' என விடை கூறுவது வழக்கம். ஆங்கிலேயக் கடற்படை அந்நோயை ஒழித்தது மத்தியதரைக் கடற்பகுதியில் விளைந்த லெமன் பழத்தால். 1860களில் அதன் இடத்தில் வைத்தது மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த லைம் பழத்தை. தமிழில் இரண்டுக்கும் ஒரு பெயர். அன்றைய ஆங்கிலக் கடற்படை வழக்கிலும் இரண்டின் சாற்றுக்கும் ஒரு பெயர். இப்பெயர்க் குழப்பம் ஒரு மருத்துவப் பிழையை அரை நூற்றாண்டுக்கு மேல் எவ்வாறு மறைத்தது என்பதையும், பாறைச் சரிவிலும் தளராது வளரும் ஒரு மரத்தின் வேளாண்மை அப்பிழையோடு எவ்வாறு பிணைந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: எலுமிச்சை, லைம், லெமன், ஸ்கர்வி, டொமினிக்கா, மான்செராட், கலைச்சொல்

முன்னுரை

மருத்துவ வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் தவறாது எடுத்துரைக்கும் நிகழ்ச்சிகளுள் ஜேம்ஸ் லிண்ட் 1747ஆம் ஆண்டில் செய்த ஆய்வும் ஒன்று. 'சாலிஸ்பரி' என்னும் போர்க்கப்பலில் ஸ்கர்வியால் நலிந்திருந்த மாலுமிகளுள் இருவருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுக்க, அவர்கள் சில நாள்களிலேயே தேறினர் என்று கதை சொல்லப்படும். கதை உண்மையே. ஆனால் அதைப் படிக்கும் தமிழ் மாணவரின் மனக்கண்ணில் தோன்றும் பழம் உருண்டையான, மெல்லிய தோலுடைய, ஊறுகாய்க்கும் சாற்றுக்கும் நாம் கையாளும் பழம். லிண்ட் கொடுத்தது அதுவன்று.

இதைச் சிறு மொழிபெயர்ப்புப் பிழை என்று ஒதுக்கிவிடலாம். இக்கட்டுரையாளரும் முதலில் அவ்வாறே கருதினார். ஆனால் இவ்விரு பழங்களையும் ஒன்றெனக் கொண்ட பிழையை ஆங்கிலேயக் கடற்படையே செய்தது என்பதும், அதன் விளைவாக வட துருவத்தில் மனிதர் நோயுற்று மாண்டனர் என்பதும் தெரியவரும்போது, தமிழில் ஒரே சொல்லால் அக்கதையைச் சொல்லும் நாம் அவ்வரலாற்றின் மையத்தையே இழக்கிறோம் என்பது விளங்கும். 'எலுமிச்சைக்குப் பதில் எலுமிச்சையைக் கொடுத்தனர், நோய் மீண்டது' என்று எழுதினால் யாருக்குப் பொருள்படும்?

ஆதலின் இக்கட்டுரையில் 'எலுமிச்சை' என்னும் சொல் நாட்டு எலுமிச்சையை, அதாவது ஆங்கிலத்தார் லைம் என்பதை மட்டுமே குறிக்கும். நீள்வட்ட வடிவமும் முனையில் சிறு காம்பு போன்ற புடைப்பும் தடித்த மஞ்சள் தோலும் உடைய மற்றது லெமன் என்றே வழங்கப்பெறும்.

மரமும் பெயரும்

தாவரவியலார் எலுமிச்சையைச் சிட்ரஸ் ஔராண்டிஃபோலியா என்பர். அண்மைக்கால மரபணு ஆய்வுகள் இதனைப் பிலிப்பைன் தீவுகளைச் சார்ந்த மைக்ராந்தா என்னும் சிற்றினத்துக்கும் சிட்ரான் எனப்படும் பெருங்காய் இனத்துக்கும் பிறந்த கலப்பாகக் காட்டுகின்றன. லெமனோ, புளிப்பு ஆரஞ்சுக்கும் அதே சிட்ரானுக்கும் பிறந்தது. ஆக இவை ஒரு தந்தைக்குப் பிறந்த இரு தாய்ப் பிள்ளைகள். உறவு உண்டு, ஒருமை இல்லை.

வளரும் இடத்திலும் இரண்டும் வேறுபடும். லெமன் சிசிலி, தென் இத்தாலி, ஸ்பெயின் போன்ற மிதவெப்பக் கடற்கரைகளில் செழிக்கும். எலுமிச்சை உறைபனியைத் தாங்காது. சிட்ரஸ் வகைகளுள் குளிருக்கு மிகவும் அஞ்சுவது அது. ஆனால் வெப்ப மண்டலத்துக்குள் வந்துவிட்டால் அதன் வலிமை வியப்புக்குரியது. கல் நிறைந்த சரிவிலும், மண் மெலிந்த இடத்திலும், பிற பயிர்கள் வாடும் கோடையிலும் அது நின்று காய்க்கும். முள் நிறைந்திருப்பதால் ஆடுமாடுகள் எளிதில் நெருங்கா. இன்னொரு பண்பு வரலாற்று நோக்கில் முதன்மையானது: இதன் விதையொன்றில் பல முளைகள் தோன்றும், அவற்றுட் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பின்றித் தாயின் திசுவிலிருந்தே உருவாவதால் தாய்மரத்தின் குணம் மாறாமல் வரும். எனவே ஒட்டுக்கட்டத் தெரியாத உழவரும் விதையை ஊன்றியே நல்ல மரம் பெறலாம். பறவையோ மனிதரோ எறிந்த விதையே புதரிடையே காடாகிவிடும். கடல் கடந்த ஒரு தீவில் ஒரு மரம் தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்ள இதனினும் சிறந்த வழி இல்லை.

சிட்ரஸ் விதைகள் 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தோடு கேனரித் தீவுகளிலிருந்து ஹிஸ்பானியோலாவுக்குச் சென்றன. எலுமிச்சை கரீபியத் தீவுகளில் காட்டு மரம்போலப் பரவியது. பின்வந்த ஐரோப்பியர் அதை அத்தீவுகளுக்கே உரியதென எண்ணும் அளவுக்கு அது வேரூன்றிவிட்டது. 'மேற்கிந்திய எலுமிச்சை' என்னும் வணிகப் பெயர் அவ்வாறு எழுந்ததே. ஆசியாவில் தோன்றிய ஒரு மரம் அமெரிக்கப் பெயர் பெற்றது. நம் தென்காசி, புளியங்குடிப் பகுதித் தோட்டங்களில் காய்ப்பதும், பெரியகுளத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.கே.எம்.1 வகையும் இனத்தால் இதுவே.

இனிப் பெயர். பாரசீக 'லீமூ' அரபியில் 'லைமூன்' எனவும் 'லீமா' எனவும் திரிந்து, ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்தது. ஆங்கில 'லெமன்', 'லைம்' ஆகிய இரண்டும் இவ்வொரு வேரின் கிளைகளே. பழங்கள் வேறெனத் தோட்டக்காரர் அறிந்திருந்தனர். ஆனால் 18, 19ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலக் கடற்படைக் கணக்கேடுகளில் மத்தியதரைக் கடல் லெமன் சாறும் 'லைம் ஜூஸ்' என்றே பல இடங்களில் பதிவாகியது. கப்பற் பண்டகசாலையில் பீப்பாய் வந்தது. அதனுள் எந்தப் பழத்தின் சாறு என்று யாரும் வினவவில்லை. தமிழில் இரு பழங்களுக்கும் ஒரு சொல் வழங்கக் காரணம் லெமன் நம் மண்ணில் பெருவழக்காக இல்லாமையே. ஆங்கிலத்தில் இரு சொற்கள் இருந்தும் அவை ஒன்றாகக் குழைந்தன. பின்னது கூடுதல் ஆபத்துடையது. ஏனெனில் இரு சொற்கள் இருக்கும்போது வேறுபாடு காக்கப்படுகிறது என்னும் பொய்ந்நம்பிக்கை உண்டாகிறது.

லெமன் சாற்றின் காலம்

லிண்ட் பன்னிரு நோயாளரை இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு ஆப்பிள் மது, ஒன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒன்றுக்குக் காடி, ஒன்றுக்குக் கடல் நீர், ஒன்றுக்குப் பூண்டும் கடுகும் சேர்ந்த இலேகியம். எஞ்சிய இருவருக்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஒரு லெமனும். பழம் ஆறே நாள்களில் தீர்ந்துவிட்டது. அதற்குள் ஒருவர் பணிக்குத் திரும்பும் நிலையை எய்தினார். 1753இல் வெளியான தம் நூலில் லிண்ட் இதைப் பதிந்தார். ஆனால் பழச்சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் குழம்பாக்கிச் சேமிக்கலாம் என்றும் அவரே பரிந்துரைத்தார். வெப்பம் அச்சாற்றின் பயனை அழித்துவிடும் என்பதை அறிய அன்று வழியில்லை. தாம் கண்டதைத் தாமே பாதி கெடுத்தார் என்பது மிகையன்று.

கில்பர்ட் பிளேன் முதலிய மருத்துவர்களின் வற்புறுத்தலால் 1795இல் கடற்படை லெமன் சாற்றை ஏற்றது. நாள் அளவு முக்கால் அவுன்சு, சர்க்கரையோடு. 1795 முதல் 1814 வரை வழங்கப்பட்ட சாறு ஏறத்தாழ 16 இலட்சம் கேலன் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. சிசிலியிலிருந்து பெருமளவு வந்தது. பிரெஞ்சுத் துறைமுகங்களுக்கு வெளியே மாதக்கணக்கில் முற்றுகையிட்டு நின்ற கப்பல்களில் ஸ்கர்வி பெரும்பாலும் மறைந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலும் இதே சாறு தன் ஆற்றலைக் காட்டியது. 1850இல் பிராங்க்ளினைத் தேடிச் சென்ற 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பல் வட துருவப் பனியில் சிக்கியபோது, அதன் மாலுமிகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடும் ஸ்கர்வியின்றி இருந்தனர். அவர்கள் குடித்தது லெமன் சாறு.

சர்க்கரை வீழ்ந்த தீவுகளில்

லெமனுக்குப் பதில் எலுமிச்சை வந்த கதை மருத்துவமனையில் தொடங்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் தொடங்குகிறது. ஆங்கிலேயக் குடியேற்றங்களில் 1834இல் அடிமைமுறை ஒழிந்தது. 1838இல் பயிற்சிக்கால ஏற்பாடும் முடிந்தது. 1846ஆம் ஆண்டின் சர்க்கரைத் தீர்வைச் சட்டம் குடியேற்றச் சர்க்கரைக்கு இருந்த வரிச்சலுகையைப் படிப்படியாக நீக்கியது. சிறிய, மலைப்பாங்கான தீவுகளான மான்செராட்டும் டொமினிக்காவும் இவ்விரண்டு அடிகளையும் தாங்கவில்லை. கரும்புக்குச் சமநிலமும் பெருமுதலும் வெட்டுக்காலத்தில் திரண்ட ஆட்கூட்டமும் வேண்டும். எலுமிச்சைக்கு இவை வேண்டா. சரிவில் நட்டுவிட்டால் ஆண்டின் பெரும்பகுதியும் காய்க்கும். பழம் பழுத்துத் தானே உதிரும். பறிக்க ஏணியும் வேண்டாம்.

மான்செராட்டில் இப்பயிர் பெரிதாகக் காரணமானவர்கள் ஸ்டர்ஜ் குடும்பத்தார். அடிமை ஒழிப்பு இயக்கத்தில் முன்னணியில் நின்ற ஜோசப் ஸ்டர்ஜ் 1850களின் பிற்பகுதியில் அத்தீவில் நிலம் வாங்கினார். விடுதலை பெற்ற உழைப்பாளரைக் கூலிக்கு அமர்த்தியும் தோட்டம் இலாபம் தரும் என்று காட்டுவது அவர் நோக்கம். அதே குடும்பம் பர்மிங்காமில் சிட்ரிக் அமில ஆலை நடத்தியது என்பதையும் மறவாமல் சேர்த்துப் படிக்க வேண்டும். அறமும் வணிகமும் ஒரே பீப்பாயில் கப்பலேறின. பின்னர் உருவான மான்செராட் கம்பெனி தீவின் பெரும்பரப்பைத் தன்வசமாக்கியது. 'மான்செராட் லைம் ஜூஸ்' இங்கிலாந்தின் கடைகளில் வீட்டுப்பெயராயிற்று. விடுதலை பெற்றோரின் பேரப்பிள்ளைகள் அக்கம்பெனியின் நிலத்தில் குடியானவராகவே இருந்தனர்.

டொமினிக்காவில் இப்பயிருக்காக வாதாடியவர் ஜான் இம்ரே என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். 1832இல் அங்கு வந்து 1880இல் இறக்கும் வரை தீவிலேயே வாழ்ந்த இவர் தம் தோட்டத்தில் எலுமிச்சையை நட்டு வளர்த்துப் பிறருக்கு வழிகாட்டினார். லீத் துறைமுகத்தில் 1865இல் தொழில் தொடங்கிய லாக்லன் ரோஸ், சாராயம் சேர்க்காமலே பழச்சாற்றைக் கெடாது காக்கும் முறைக்கு 1867இல் காப்புரிமை பெற்றார். அதே 1867இல் வணிகக் கப்பற் சட்டம் எல்லா வணிகக் கப்பல்களும் லைம் அல்லது லெமன் சாற்றை ஏற்றிச் சென்று மாலுமிகளுக்கு நாள்தோறும் வழங்க வேண்டுமெனக் கடுமையாக விதித்தது. 'லைம் அல்லது லெமன்' என்னும் அத்தொடரில் உள்ள 'அல்லது'தான் இக்கட்டுரையின் மையம். சட்டத்தின் பார்வையில் அவை ஒன்றுக்கொன்று மாற்று. 1890களின் தொடக்கத்தில் ரோஸ் நிறுவனம் டொமினிக்காவிலேயே தோட்டங்களை வாங்கியது. முதல் உலகப்போருக்கு முன் அத்தீவு உலகின் எலுமிச்சை உற்பத்தியில் முதலிடத்தில் இருந்தது.

கடற்படையும் 1860களில் மத்தியதரைக் கடற்பகுதியின் லெமன் சாற்றைக் கைவிட்டு மேற்கிந்தியச் சாற்றுக்கு மாறியது. காரணம் எளியது. சிசிலி அயல்நாடு, தீவுகள் தம் குடியேற்றங்கள். விலையும் குறைவு. அன்றி, எலுமிச்சைச் சாறு லெமனினும் மிகுந்த புளிப்புடையது. நோயைத் தடுப்பது புளிப்பே என்று கருதிய காலத்தில் இம்மாற்றம் முன்னேற்றமாகவே தோன்றியிருக்கும்.

பழம் சாறான முறை

விடியலில் பெண்களும் சிறுவரும் மரத்தடிகளில் உதிர்ந்து கிடந்த பழங்களைப் பொறுக்கிக் கூடைகளில் நிரப்பித் தலைச்சுமையாக ஆலைக்குக் கொண்டுவந்தனர். முள் தைத்த கையும் காலும் இப்பணியின் கூலியோடு சேர்ந்தவை. சிறு நிலமுடைய குடியானவர் தம் பழத்தைத் தோட்ட ஆலைகளுக்கே விற்றனர். விலையை ஆலை வைத்தது.

ஆலை என்பது பெரும்பாலும் பழைய கரும்பாலையே. நீர்ச்சக்கரத்தால் சுழன்ற உருளைகள் கரும்பை நசுக்கிய இடத்தில் எலுமிச்சையை நசுக்கின. சர்க்கரைப் பாகு காய்ச்சிய கொப்பரைகளில் எலுமிச்சைச் சாறு காய்ந்தது. சாறு இருவழிப் பிரிந்தது. நல்ல சாறு தெளியவைக்கப்பட்டுக் காய்ச்சாமல் பீப்பாயில் அடைக்கப்பட்டு, குடிக்கும் சாறாகப் பயணமாயிற்று. எஞ்சியதெல்லாம், பல ஆண்டுகளில் பெரும்பகுதியும், பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சப்பட்டுக் கருத்த குழம்பாகச் சிட்ரிக் அமில ஆலைகளுக்குச் சென்றது. சாயத்தொழிலும் துணி அச்சும் அதன் வாடிக்கையாளர். சுண்ணக்கட்டியைச் சேர்த்துக் கால்சியம் சிட்ரேட்டாக வீழ்படிய வைக்கும் முறையும் பின்னர் வந்தது; ஏற்றுமதிச் சுமை அதனால் குறைந்தது. கடல் நோய்க்கு மருந்தாக எலுமிச்சை புகழ்பெற்றிருந்தாலும், தீவுகளை வாழவைத்தது மருந்தன்று, அமிலமே.

தோலையும் வீணாக்கவில்லை. உட்புறம் பித்தளை முள்கள் பதித்த ஆழமற்ற செம்புத் தட்டில் பழத்தை வைத்துப் பெண்கள் உள்ளங்கையால் உருட்டுவர். தோலின் எண்ணெய்ப் பைகள் உடைந்து எண்ணெய் நடுக்குழாயில் இறங்கும். நறுமணப் பொருள் வணிகர் இதற்கு உயர்ந்த விலை தந்தனர். ஒரு நாள் முழுதும் உருட்டினும் கிடைக்கும் அளவு சிறிது. தோட்டங்களின் கணக்கு கேலனிலும் பீப்பாயிலும் இருக்கும். அந்தக் கைகளின் கணக்கு எங்கும் இல்லை.

மறைந்திருந்த குறை

எலுமிச்சைச் சாறு பயனற்றது என்பது ஏன் உடனே தெரியவில்லை? நீராவிக் கப்பல்தான் விடை. 1860களுக்குப் பின் பயணங்கள் சுருங்கின. துறைமுகங்களில் புதிய காய்கறியும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் கிடைத்தன. ஸ்கர்வி தோன்றுவதற்கு இரண்டு மூன்று மாதங்களாவது புதிய உணவின்றிக் கழிய வேண்டும். அத்தகைய பயணங்களே அரிதாயின. மாலுமிகள் நாள்தோறும் சாறு குடித்தனர், நோய் வரவில்லை, சாறே காத்தது என்று நம்பினர். 'லைம் ஜூசர்', பின் 'லைமி' என்று ஆங்கில மாலுமிகளுக்குப் பட்டப்பெயர் வழங்கிய காலத்தில் அவர்கள் குடித்தது பெரும்பாலும் புளிப்பு நீர்.

உண்மைச் சோதனை துருவத்தில் நிகழ்ந்தது. 1875இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் 'அலர்ட்', 'டிஸ்கவரி' என்னும் கப்பல்கள் வட துருவம் நோக்கிப் புறப்பட்டன. குளிர்காலம் முழுதும் கப்பலில் எலுமிச்சைச் சாறு முறைப்படி வழங்கப்பட்டது. 1876 வசந்தத்தில் ஆல்பர்ட் மார்க்கமின் குழு பனிச்சறுக்கு வண்டிகளை இழுத்துக்கொண்டு மே 12இல் 83 பாகை 20 கலை வட அகலாங்கை எட்டியது. அதற்கு முன் எவரும் அவ்வளவு வடக்கே சென்றதில்லை. அதற்குள் குழுவினரின் ஈறுகள் வீங்கின. கால்கள் கறுத்து விறைத்தன. திரும்பும் வழியில் ஒருவர் மாண்டார். நடக்க இயன்றவர் நடக்க இயலாதவரை வண்டியில் ஏற்றி இழுத்தனர். துணை தேடித் தனியே நடந்து கப்பலை அடைந்த அதிகாரி ஒருவராலேயே மற்றோர் பிழைத்தனர். பயணம் அவ்வாண்டே கைவிடப்பட்டது.

விசாரணைக் குழு 1877இல் கண்ட முடிவு: வண்டிப் பயணத்தில் எலுமிச்சைச் சாற்றை எடுத்துச் செல்லாததே காரணம். குளிர்காலம் முழுதும் அச்சாற்றைக் குடித்தவர்கள் வண்டியிழுத்த சில வாரங்களிலேயே எவ்வாறு வீழ்ந்தனர் என்னும் வினா ஆழமாக எழுப்பப்படவில்லை. 'இன்வெஸ்டிகேட்டர்' மாலுமிகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாங்கியதோடு ஒப்பிட்டிருந்தால் விடை அருகிலேயே இருந்தது. ஆனால் இரு கப்பல்களின் ஆவணங்களும் ஒரே பெயரைச் சொல்லின. ஒப்பிடுவதற்கு இரு பொருள் இருப்பதாகவே யாரும் அறியவில்லை.

இதன் அடுத்த விளைவு இன்னும் கசப்பானது. சாறு பயன்தரவில்லை எனக் கண்ட மருத்துவர் சிலர், பழத்தால் ஸ்கர்வி தீரும் என்னும் அடிப்படையையே ஐயுற்றனர். கெட்ட இறைச்சியின் நஞ்சே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. ஸ்காட்டின் 1901–1904 அண்டார்க்டிக் பயணம் இக்கொள்கையை நம்பியே சென்றது. அங்கும் ஸ்கர்வி தோன்றியது. 1795இல் அறிந்திருந்த உண்மை 1900இல் அறியப்படாததாயிற்று. அறிவு முன்னோக்கியே செல்லும் என நம்புவோர் இவ்விடத்தில் சற்று நிற்கலாம்.

1918: ஒரு பழங்கணக்கின் தணிக்கை

குழப்பம் தீரக் காரணமானவை இரண்டு. ஒன்று, 1907இல் நார்வேயின் ஆக்சல் ஹோல்ஸ்டும் தியோடர் ஃப்ரோலிச்சும் கினிப்பன்றிகளில் ஸ்கர்வியை உண்டாக்கிக் காட்டியது. உணவின் ஆற்றலை ஆய்வகத்தில் அளக்க அது வழி திறந்தது. மற்றொன்று போர். மெசபொத்தேமியாவில் கூத் அல் அமாரா 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை முற்றுகையிடப்பட்டபோது இந்தியச் சிப்பாய்களிடையே ஸ்கர்வி பரவியது; குதிரை இறைச்சியை உண்ண அவர்களுட் பலர் மறுத்தனர். அதே முற்றுகையில் வெள்ளை ரொட்டி உண்ட ஆங்கிலேயச் சிப்பாய்களைப் பெரிபெரி பற்றியது. ஒரே அரணுக்குள் உணவுவழக்கம் நோயைப் பிரித்தது.

இலண்டனின் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக், மார்கரெட் ஹியூம், ரூத் ஸ்கெல்டன் ஆகியோர் லைம், லெமன் ஆகிய இரண்டின் ஆற்றலையும் கினிப்பன்றிகளில் ஒப்பிட்டு 1918இல் முடிவை வெளியிட்டனர். புதிய எலுமிச்சைச் சாற்றின் ஆற்றல் புதிய லெமன் சாற்றின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு. பதப்படுத்திய எலுமிச்சைச் சாறு ஏறத்தாழப் பயனற்றது. அதே நிறுவனத்தின் ஆலிஸ் ஹெண்டர்சன் ஸ்மித் வேறொரு வழியில் சென்றார். பழைய கடற்படை ஆவணங்களைத் தோண்டி, எந்தப் பயணத்தில் எந்த நாட்டிலிருந்து சாறு வந்தது எனத் தேடி, 'லைம் ஜூஸ்' என்று எழுதப்பட்டவற்றுள் எவை உண்மையில் லெமன் என்று பிரித்தார். ஆய்வகமும் ஆவணமும் ஒரே முடிவைத் தந்தன. வரலாற்று மாணவர்க்கு ஸ்மித்தின் பணி தனிப் பாடம்: பொருளின் பெயரை நம்பாது அது புறப்பட்ட துறைமுகத்தை நம்பினார்.

இக்கண்டுபிடிப்பை எலுமிச்சையின் மேல் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. இன்றைய பகுப்பாய்வின்படி 100 கிராம் சாற்றில் உயிர்ச்சத்து சி லெமனில் 40 மில்லிகிராம் அளவிலும் எலுமிச்சையில் 30 மில்லிகிராம் அளவிலும் உள்ளது. ஸ்கர்வியைத் தடுக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் போதும். ஓர் அவுன்சுப் புதிய எலுமிச்சைச் சாறு எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் தரும். அதாவது எல்லைக்கோட்டை நெருங்கி நிற்கும். தெளியவைத்தலிலும், காற்றுப்படுதலிலும், பீப்பாயில் மாதக்கணக்கில் கிடத்தலிலும் ஏற்படும் இழப்பைக் கழித்தால் எஞ்சுவது மிகச் சிறிது. குறை பழத்தில் பாதி, பயணத்தில் பாதி. மரத்தடியிலிருந்து அன்றே பிழிந்து குடித்த டொமினிக்கச் சிறுவனுக்கு எலுமிச்சை என்றும் பயன்தந்தது.

1928இல் ஆல்பர்ட் சென்ட் ஜார்ஜி பிரித்தெடுத்த பொருளே ஸ்கர்வியைத் தடுக்கும் உயிர்ச்சத்து என 1932இல் உறுதியாயிற்று. அதன்பின் சாற்றைப் புளிப்பால் மதிப்பிடும் வழக்கம் அறிவியலில் இல்லை.

தீவுகளின் மரத்துக்கு நேர்ந்தது

மருத்துவப் புகழ் போனதால் தீவுகள் வீழ்ந்தன என்று எழுதுவது கவர்ச்சியாக இருக்கும், உண்மை வேறு. மான்செராட்டை 1899 ஆகஸ்டுச் சூறாவளி சிதைத்தது. எலுமிச்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் வேரோடு சாய்ந்தன, தீவு பின்னர்ப் பருத்திக்கு மாறியது. டொமினிக்காவில் 1922இல் நுனிக்கருகல் என்னும் பூஞ்சை நோய் தோன்றியது. இளந்தளிரையும் பூவையும் பிஞ்சையும் கருக்கும் இந்நோய்க்கு மேற்கிந்திய எலுமிச்சையே எளிதில் இரையாவது. வறட்சிக்கும் கல்லுக்கும் அஞ்சாத மரம், மழை மிகுந்த சரிவில் ஒரு பூஞ்சைக்குத் தோற்றது. விதைவழி வந்த மரங்கள் யாவும் ஒரே குணம் உடையவை என்பதால் எதிர்ப்பாற்றல் உடைய மரம் அவற்றுள் அரிது. பரவலுக்கு உதவிய பண்பே இங்குக் கேடாயிற்று. 1930ஆம் ஆண்டின் சூறாவளி மிச்சத்தையும் அலைக்கழித்தது.

வேதியியலும் அதே காலத்தில் தன் பங்கைச் செய்தது. சர்க்கரைக் கரைசலில் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சையை வளர்த்துச் சிட்ரிக் அமிலம் பெறலாம் என ஜேம்ஸ் கரி 1917இல் வெளியிட்டார். 1919இல் அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனம் அதைத் தொழிலாக்கியது. பழத்திலிருந்து அமிலம் காய்ச்சும் தொழிலுக்குப் பிறகு எதிர்காலம் இல்லை. சர்க்கரை வீழ்ந்ததால் எழுந்த எலுமிச்சைத் தொழிலை, சர்க்கரையைத் தின்னும் ஒரு பூஞ்சை வீழ்த்தியது. ரோஸ் நிறுவனத்தின் இனிப்புச் சாறு மட்டும் மதுக்கூடங்களில் நிலைத்தது.

தமிழில் எழுதும்போது

சிட்ரஸ் இனப்பெயர்களில் தமிழ் வறியதன்று. நாரத்தை, கிடாரங்காய், கிச்சிலி, பம்பளிமாசு, கமலா எனப் பகுத்தறிந்த மொழி இது. வெளிமொழி வழியே குழப்பம் வருவதும் உண்டு: சாத்துக்குடி தாவரவியலில் ஆரஞ்சு வகை, இந்திய ஆங்கிலத்திலோ அது 'இனிப்பு லைம்'. இங்குத் தமிழ்ச்சொல் தெளிவாகவும் ஆங்கிலச் சொல் பிறழ்ந்தும் நிற்கின்றன. லெமனில் நிலை தலைகீழ்.

சில தோட்டக்கலை நூல்கள் லெமனையும் 'எலுமிச்சை' என்றே எழுதி அடைப்புக்குறியில் வேறுபாடு காட்டுகின்றன. உழவர் கையேட்டில் அது போதலாம். இரண்டு மரங்களையும் கண்டவர் அவர். வரலாற்றெழுத்தில் போதாது. புதிய தமிழ்ச்சொல் ஆக்குவதில் இக்கட்டுரையாளருக்கு ஆர்வமில்லை. சந்தையில் ஏற்கெனவே 'லெமன்' என்று மக்கள் சொல்லும் சொல்லைத் தமிழெழுத்தில் ஏற்றுக்கொள்வதே நேரிய வழி. 1747 முதல் 1860கள் வரையிலான கடற்படைச் செய்திகளில் லெமன் என்றும், அதற்குப் பின் மேற்கிந்தியச் சாற்றைப் பேசுமிடத்தில் எலுமிச்சை என்றும் எழுதலாம். மூல ஆவணம் 'லைம் ஜூஸ்' என்று மட்டும் சொல்லும் இடங்களில் பீப்பாய் சிசிலியிலிருந்து வந்ததா, மான்செராட்டிலிருந்து வந்ததா என்று பார்த்தபின்பே மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தேர வேண்டியிருக்கும். ஸ்மித் 1918இல் செய்ததும் அதுவே.